மினி சூறாவளி

'மினி சூறாவளியால் வீடுகள் சேதம்.' சித்திரையிலும் ஐப்பசியிலும் இலங்கைச் செய்திகளில் அடிக்கடி வரும் வாசகம். சில நிமிடக் காற்றில் ஓடுகள் பறந்து, வாழைத்தோட்டமே படுத்துவிடுகிறது. காற்றும் உண்மை, சேதமும் உண்மை. பெயர்தான் பிழை.

சூறாவளி என்றால் 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கியதே, அது. வெப்பக் கடலில் பிறந்து, நாட்கணக்கில் நகர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குச் சுழல்வது. 'மினி' எனப்படுவதோ பிற்பகல் வெக்கையில் திரளும் ஒற்றை இடிமுகிலின் அடியில் பிறந்து, அந்த முகிலோடேயே அடங்குவது. இது அதன் குட்டி அல்ல, வேறு இனம்.

'சைக்ளோன்' என்ற பெயரைக் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் 1840களில் உருவாக்கினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். தமிழ்ச் சூறாவளி இன்னும் அழகு: சூறை, வளி. வளி காற்று, வளிமண்டலத்தில் இருப்பதும் அதுவே. சூறைக்குச் சுழன்றடிக்கும் காற்று என்றும் கொள்ளை என்றும் பொருள். சூறையாடினார்கள் என்கிறோமே, அந்தச் சூறைதான். ஆக, சூறாவளி என்றாலே அடிப்படையில் சுழல்காற்று. அந்தச் சொல்லைக் கடற்புயலுக்குக் கொடுத்துவிட்டு, சிறியதற்குப் பெயரில்லை என்று 'மினி'யை ஒட்டியிருக்கிறோம். மினியின் மூலமோ சிறுமையே அல்ல: 'மினியேச்சர்' என்ற சொல்லின் சுருக்கம் அது; அந்தச் சொல்லோ ஏட்டோவியங்களுக்குத் தீட்டிய ஈயச் செந்தூரம் என்ற சிவப்பு நிறத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது.

சரியான தமிழ் எது? காற்று போன பின் தோட்டத்தைப் பாருங்கள். கிளைகள் முறுக்கி ஒடிந்து, ஒடுங்கிய ஒரு பாதையில் மரங்கள் தாறுமாறாகக் கிடந்தால் சுழல்காற்று. எல்லாம் ஒரே பக்கமாகவோ விசிறி விரித்தது போலவோ சாய்ந்திருந்தால் அங்கே சுழற்சியே இல்லை. மழையில் குளிர்ந்து கனத்த காற்று முகிலிலிருந்து விழுந்து, தரையில் மோதிப் பரவியிருக்கிறது. இதைக் கீழிறங்கு காற்று எனலாம்.

இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுவது எச்சரிக்கையால்தான். சூறாவளி என்றதும் மக்கள் வானொலி அறிவிப்பை எதிர்பார்க்கிறார்கள். கடற்சூறாவளிக்கு அது நாட்கணக்கில் முன்னதாக வரும். இடிமுகில் அவ்வளவு அவகாசம் தராது. அது தரும் அறிகுறி, புழுக்கத்தின் நடுவே சட்டென்று முகத்தில் படும் குளிர்காற்று. அப்போதே மரத்தடியை விட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.