மாஸ்காட்: சின்னமா, பாத்திரமா, ராசியா?

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி சட்டை கட்டிக் கைகூப்பி நின்ற குதிரையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் ‘தம்பி’. ஆங்கிலத்தில் அது மாஸ்காட். தமிழ்ச் செய்திகளில் ‘சின்னம்’. ஆனால் லோகோவையும் சின்னம் என்றுதான் எழுதுகிறோம். இரட்டை இலையும் உதயசூரியனும்கூடச் சின்னம்தான். ஒரே சொல் இத்தனை வேலை பார்த்தால் ஏதோ ஒன்று விட்டுப்போகத்தானே செய்யும்?

என்ன விட்டுப்போகிறது என்பது வேரைப் பார்த்தால் தெரியும். பிரான்சின் தென்பகுதியில் வழங்கும் ஆக்சிதன் மொழியில் ‘மாஸ்கோ’ என்றால் சூனியக்காரி. அதிலிருந்து வந்த ‘மாஸ்கோத்தோ’ மந்திரத்தை, வசியத்தைக் குறித்தது. பிரெஞ்சுக்குப் போனபோது சூனியத்தின் கறை நீங்கி, அதிர்ஷ்டம் தரும் ஆள் அல்லது பொருள் என்று ஆனது.

உலகம் முழுக்க அதைக் கொண்டுபோனது ஒரு மேடை நாடகம். எட்மோன் ஓட்ரான் இசையமைத்த ‘லா மாஸ்கோத்’ 1880 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறியது. அதன் நாயகி பெத்தினா வான்கோழி மேய்க்கிற பெண். அவள் இருக்கிற வீட்டில் எல்லாம் கைகூடும். கன்னியாக இருக்கும்வரை மட்டும். கவனியுங்கள், அவள் மந்திரம் எதுவும் போடுவதில்லை. சும்மா இருந்தாலே போதும். நம் ஊரில் இதற்கு விளக்கமே வேண்டியதில்லை: ‘மருமகள் வந்த ராசி’ என்போமே, அதேதான். அடுத்த வருடமே சொல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது.

விளையாட்டு அணிகளும் வணிக நிறுவனங்களும் பின்னால் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. விளம்பரத்துக்கு வந்ததும் ‘சும்மா இருந்தாலே போதும்’ என்ற குணம் எப்படி வேலை செய்தது என்பதற்கு, திரைக்கே வராத ஒரு கார்ட்டூன் நல்ல உதாரணம்.

சீட்டோஸ் நொறுக்குத்தீனிக்கு 1986-இல் செஸ்டர் சீட்டா என்ற பாத்திரம் வந்தது. கறுப்புக் கண்ணாடி, கேன்வாஸ் ஷூ, அலட்டாத பேச்சு. (சீட்டா என்றால் சிறுத்தை அல்ல, சிவிங்கிப்புலி. ‘சீட்டா’வே சமஸ்கிருத வேர் கொண்ட இந்திச் சொல்.) 1990களின் தொடக்கத்தில், இந்தச் சிவிங்கியை நாயகனாக்கிக் குழந்தைகளுக்கு ஒரு தொடர் தர அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி திட்டமிட்டது. தலைப்பு ‘யோ! இட்ஸ் த செஸ்டர் சீட்டா ஷோ’.

பெக்கி சாரன் 1968-இல் தொடங்கிய குழந்தைகள் தொலைக்காட்சிக்கான அமைப்பு கடுமையாக எதிர்த்தது. சட்டம் என்னவோ செஸ்டர் பக்கம்தான். ஒரு பொருளோடு தொடர்புடைய நிகழ்ச்சிக்குள் அதே பொருளின் விளம்பரம் வந்தால்தான் முழு நிகழ்ச்சியும் விளம்பரக் கணக்கில் சேரும் என்பது 1991-இல் அங்கே வகுத்த விதி. சீட்டோஸ் விளம்பரத்தை வேறு நேரத்துக்கு மாற்றிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். ஹீ-மேன் மாதிரி, கடையில் விற்கும் பொம்மைகளை வைத்து எடுத்த கார்ட்டூன்களும் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் செஸ்டர் பிறந்ததே விளம்பரத்துக்காக. அவன் திரையில் நின்றாலே, ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், பிள்ளைக்குப் பாக்கெட் ஞாபகம் வரும். பெத்தினா கதைதான்! எதிர்ப்பு வலுக்கவே ஃபாக்ஸ் கைவிட்டது.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘நற்சின்னம்’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. ‘நல்’ என்ற முன்னொட்டில் அதிர்ஷ்டப் பொருள் கொஞ்சம் தங்கியிருப்பதால், விளையாட்டுப் போட்டிக்கு அது பொருந்தும். ‘தம்பி’யை நற்சின்னம் என்று எழுதலாம், உறுத்தாது. ‘இலச்சினை’யை மாஸ்காட்டுக்குப் போடுவது தவறு, அது முத்திரை, லோகோவுக்கு விட்டுவிடலாம். ‘தூதுவர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு நடிக்கும் நட்சத்திரத்துக்கு வேண்டுமானால் அது சரி.

செஸ்டர் விஷயத்தில் நற்சின்னமும் உதவாது. ‘நற்சின்னத்தை வைத்துக் கார்ட்டூன்’ என்று எழுதிப் பாருங்கள், முத்திரை குத்திய காகிதம் நடனமாடுவதுபோல இருக்கிறது. பெயரும் குரலும் குறும்பும் உள்ள ஒன்றைப் பாத்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே, நிறுவனங்களின் மாஸ்காட்டுக்கு ‘விளம்பரப் பாத்திரம்’ என்பதே என் தேர்வு. அது எங்கிருந்து வந்தது, யாருக்காக நிற்கிறது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சில் ‘ராசிப் பொம்மை’ என்றால் இன்னும் அழகுதான். ஆனால் அலுவலகக் கடிதத்தில் எழுதினால் சிரிப்பார்கள்.

கார்ட்டூன் போனாலும் செஸ்டர் பிள்ளைகளை விடவில்லை. 1992-இல் வீடியோ கேமாக வந்தான்.