ராஜினாமாவை எழுதும் முன் எழுத வேண்டிய கணக்கு

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆயிட்டா?" வேலை மாறலாமா என்று யோசனை கேட்க வருகிறவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பத்து வருடம் ஒரே நிறுவனத்தில் இருந்தவருக்கு இந்தப் பயம் இன்னும் கூடுதல். மனித வளத்துறையில் இருக்கும் எங்களுக்கு இது தைரியக் குறைவாகத் தெரிவதில்லை. எதை இழப்போம், எவ்வளவு இழப்போம் என்பது தெளிவாகத் தெரியாதவருக்கு எல்லாமே போய்விடும்போலத்தான் இருக்கும். ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் அந்த 'எல்லாம்' ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடும். அநேகமாக ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொகையோ ஒரு தேதியோ உண்டு.

முதலில் எழுத வேண்டியது, சம்பளம் வராத நாட்கள். நோட்டீஸ் காலத்தின் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, இறுதிக் கணக்கு முடிக்கும்போது சேர்த்துத் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுக்கச் சொல்கிறது. இருந்தாலும் 30, 45 நாள் இழுக்கும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். ஜூலை 31 கடைசி நாள், ஆகஸ்ட் 24 புதிய இடத்தில் சேருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபதாம் தேதிக்கு மேல் சேர்ந்தால் அந்த மாதச் சம்பளத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துப் போடும் நிறுவனங்கள் நிறைய. ஜூன் 30 வந்த சம்பளம் ஜூலைச் செலவோடு தீர்ந்துவிடும். அடுத்த சம்பளம் செப்டம்பர் 30. இடையில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வீட்டுக் கடன் தவணை, வாடகை, சீட்டுப் பணம், போதாக்குறைக்கு ஆவணி முகூர்த்த மொய். இன்னொரு வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று மாதச் செலவுத்தொகையும், சொந்தத் தொழிலுக்கு என்றால் பன்னிரண்டு மாதத்தொகையும் வங்கியில் இருக்கட்டும். செலவைக் கூட்டும்போது மாதா மாதம் வராததுதான் விட்டுப்போகும்: பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், நகைக்கடன் வட்டி.

அடுத்து, புதிய ஆஃபர் லெட்டர். சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) 10 லட்சம் என்றதும் பன்னிரண்டால் வகுத்து மாதம் 83,000 என்று மனக்கோட்டை கட்டிவிடுகிறோம். அதைப் பிரித்துப் பாருங்கள். அதில் 1 லட்சம் ஆண்டு முடிவில், வேலைத்திறனைப் பார்த்துத் தரும் தொகை. அடிப்படைச் சம்பளம் 5 லட்சம் என்றால் அதில் 4.81 சதவீதம், அதாவது 24,050 ரூபாய், விலகும்போது தரும் பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) எழுதியிருக்கும். நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) மாதம் 1,800 வீதம் 21,600. உங்கள் பங்காகவும் அதே 21,600 பிடிப்பார்கள். தொழில்வரி 2,500. மிச்சம் 8,30,250, மாதம் சுமார் 69,200. பழைய இடத்தில் கைக்கு வருவதோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையைத்தான். சேரும்போது தரும் போனஸ் இருந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தரவேண்டும் என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். கையொப்பமிட்ட கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கூடாது. "அடுத்த வாரம் லெட்டர் வந்துடும் சார்" என்பதை நம்பி விலகியவர்களின் நிலைமை மோசம்.

பணிக்கொடையில் உணர்ச்சிக்கு இடமில்லை. அடிப்படைச் சம்பளத்தை 15/26 ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஓராண்டு போதும். 40,000 அடிப்படைச் சம்பளத்தில் நான்கு வருடம் ஐந்து மாதம் முடித்தவர் இன்று விலகினால் ஒன்றும் கிடைக்காது. ஏழு மாதம் பொறுத்தால் 1,15,385 ரூபாய். புதிய வேலை மாதம் 15,000 கூடுதலாகத் தந்தால் அதே ஏழு மாதத்தில் 1,05,000. ஏறக்குறைய சமம். ஆகவே பணிக்கொடைக்காகக் காத்திருப்பது மூன்று நான்கு மாதம் மிச்சம் இருந்தால் சரி, ஒன்றரை வருடம் என்றால் அது சாக்கு. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. நிறுவனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் தொழிலாளர் துறையில் முறையிட வேண்டியிருக்கும்.

பி.எஃப். விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பணத்தில் அல்ல, இனிஷியலில். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் க. முருகேசன், ஆதாரில் முருகேசன் கந்தசாமி, பான் அட்டையில் கந்தசாமி முருகேசன். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் மூன்றும் பி.எஃப். கணக்கில் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும் இடங்கள் உண்டு. நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்போது அது ஒரு மின்னஞ்சலில் முடியும், விலகிய பிறகு யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அதனால் இந்த வேலையை ராஜினாமாவுக்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். புதிய இடத்தில் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள். விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்யாமல் விட்டால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளலாம். விலகிய தேதி 15, சேர்ந்த தேதி 14 என்று ஒருநாள் குறுக்கிட்டால்கூடப் பணமாற்றத்தில் விளக்கம் கேட்கப்படலாம். பின்னணிச் சரிபார்ப்பில் இரட்டை வேலை என்ற சந்தேகமும் வரும்.

பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துக் கடனை அடைக்கலாமே என்ற ஆசை இந்த நேரத்தில்தான் வரும். ஐந்து ஆண்டுப் பணி முடியாமல் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த பணிக்காலம் அழிந்துவிடும். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு வேண்டும். பணத்தை மாற்றுங்கள், எடுக்காதீர்கள்.

மருத்துவக் காப்பீட்டில் கவனக்குறைவுக்கு விலை அதிகம். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். மறுநாளே தனிப் பாலிசி எடுத்தாலும், விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாள் செல்லாது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்பு 36 மாதம் வரை போகலாம். வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெற்றோர் இருந்தால் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டு. மாறினால் இதுவரை கழித்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். நோட்டீஸ் கொடுத்த வாரமே எழுத்தில் கேளுங்கள். இ.எஸ்.ஐ.யில் (அரசின் தொழிலாளர் காப்பீடு) இருப்பவர்கள் மாதச் சம்பளம் 21,000 என்ற வரம்பைக் கவனியுங்கள்: புதிய சம்பளம் அதைத் தாண்டினால் அங்கே இ.எஸ்.ஐ. கிடையாது. சொந்தத் தொழிலுக்குப் போகிறவர்கள் பி.எஃப். உறுப்பினருக்கான 7 லட்சம் வரையிலான ஆயுள் காப்பீட்டையும் இழக்கிறார்கள். அந்த இடத்தை ஒரு டேர்ம் பாலிசியால் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) நிரப்ப வேண்டும்.

வருட நடுவில் மாறுபவருக்கு வரி அதிர்ச்சி ஒன்று காத்திருக்கும். மாதம் 1.5 லட்சம் சம்பளம், இரண்டு இடத்திலும் ஆறு ஆறு மாதம். பழைய சம்பளத்தைச் சொல்லாவிட்டால், புதிய நிறுவனத்தின் கண்ணுக்கு உங்கள் வருமானம் 9 லட்சம்தான். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். உண்மை வருமானம் 18 லட்சம். 75,000 நிலையான கழிவு போக, 2025-26 விகிதப்படி வரி 1,50,800. பழைய நிறுவனம் பாதியைத்தான் பிடித்திருக்கும். கணக்குத் தாக்கலின்போது 75,400 ரூபாயும் வட்டியும் மொத்தமாகக் கட்ட நேரும். முந்தைய சம்பளத்தையும் பிடித்த வரியையும் சேர்ந்த முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிட்டால் மாதா மாதம் பிடித்துக்கொள்வார்கள்.

'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற வரிக்கு மட்டும் தொகை கிடையாது. ஆனால் வீட்டில் எதிர்ப்புத் தெரிவிப்பவர்களிடம் "எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று சொல்வதைவிட இந்தத் தாளை நீட்டுவது பலன் தருகிறது. அம்மாவின் கேள்வி, "அடுத்த மாசம் கடனுக்கு என்ன பண்ணுவே?" என்பதுதானே. பதில் தாளின் முதல் வரியில் இருக்கும். தாளில் இன்னும் சரியாகாமல் சிவப்பில் நிற்கும் வரிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுவதில் தவறில்லை. தள்ளிப்போடும்போது எந்த வரி, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்றும் குறித்துவையுங்கள். தேதி இல்லாமல் தள்ளிப்போட்டவர்கள்தான் எட்டு வருடம் கழித்து அதே கேள்வியோடு வருகிறார்கள்.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. வீட்டுக் கடனோ கிரெடிட் கார்டோ தேவையென்றால் வேலையில் இருக்கும்போதே வாங்குங்கள். இன்று மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கும் வங்கி, நாளை இரண்டு மூன்று வருட வருமானவரிக் கணக்கு கேட்கும். அதற்காகத் தேவைக்கு மேல் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். அந்தத் தவணையும் தாளின் முதல் வரியில்தான் ஏறும்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே சம்பளச் சீட்டுகள், இதுவரை தந்த ஆண்டு வரிச் சான்றிதழ்கள், பணி உயர்வுக் கடிதங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணங்களை மட்டும், அலுவலகக் கோப்புகளை அல்ல. பி.எஃப்., வங்கி, காப்பீடு எதிலாவது அலுவலக மின்னஞ்சலோ நிறுவனம் தந்த சிம் எண்ணோ பதிவாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். கடைசி நாள் மாலை அந்த எண் நின்றுபோனால் ஓ.டி.பி. வராது. லேப்டாப், அடையாள அட்டை, சாவி ஒப்படைக்கும்போது பொருளின் வரிசை எண்ணும் தேதியும் உள்ள ரசீது வாங்குங்கள். ரிலீவிங் லெட்டரை நிறுத்திவைக்கப் பல இடங்களில் சொல்லப்படும் முதல் காரணம், "அசெட் இன்னும் வரலை" என்பதுதான்.