நாலு நாள் லீவில் மெஷின் மறந்தது என்ன?

கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆயுத பூஜைக்கு நாலு நாள் லீவு விட்டோம். அதுவரைக்கும் மூணு ஷிப்டும் ஓடின விஎம்சி (கம்ப்யூட்டர் கண்ட்ரோல்ல ஓடுற மில்லிங் மெஷின்). பூஜை முடிச்சு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போனோம். திரும்பி வந்து போட்டா திரையில 910னு ஒரு அலாரம், வேற எதுவுமே வரலை. கண்ட்ரோல் கார்டு போயிருச்சு, மாத்தணும்னு ஒருத்தர் சொல்றார். குங்குமத் தண்ணி பேனலுக்குள்ள இறங்கியிருக்கும்னு இன்னொருத்தர். கண்ணு பட்டுருச்சுன்னு எங்கப்பா. எதுங்க நெஜம்?"

அவரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். கொஞ்ச நாளாகத் திரையின் ஓரத்தில் 'பேட்' (BAT, அதாவது பேட்டரி) என்ற மூன்றெழுத்து விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்ததா? "ஆமாங்க, மூணு மாசமா இருந்துச்சு. ஜாப் ஒழுங்கா வந்துட்டிருந்ததால யாரும் கண்டுக்கலை." என் சந்தேகம் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்தது.

எண்களைக் கேட்டு நடக்கும் மில்லிங் மெஷினை 1952இல் அமெரிக்காவின் எம்ஐடியில் முதலில் இயக்கிக் காட்டினார்கள். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி முழுக்க வெற்றிடக் குழாய்கள். கட்டளை வந்தது துளையிட்ட நாடாவில். பிறகு டிரான்சிஸ்டர், ஐசி, நுண்செயலி என்று பெட்டி சுருங்கியது. ஃபனுக் நிறுவனம் 1985இல் கொண்டுவந்த 0 வரிசைக் கண்ட்ரோல் உலகமெங்கும் பரவியது. முப்பது வருடம் தாண்டியும் ஓடும் பெட்டிகளை நம் பட்டறைகளில் இன்றைக்கும் பார்க்கலாம். கீழே சொல்லப்போவது பெரும்பாலும் அந்தத் தலைமுறைக் கண்ட்ரோல்களைப் பற்றி.

கண்ட்ரோல் எழவில்லை என்றால் கார்டில் கை வைக்கும் முன் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் வருகிறதா, அது 4.75க்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா, 24 வோல்ட் இருக்கிறதா என்று அளந்துவிடலாம். 24 வோல்ட் படுத்திருந்தால் பாதி நேரம் கண்ட்ரோலில் குற்றம் இருக்காது. கூலன்ட் இறங்கிய ஒரு லிமிட் சுவிட்ச் ஒயர் எங்கோ பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியே போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பவர் சப்ளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காலத்தால் காய்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பார்கள். பேனல் ஃபேன் நின்று போனதைக் கவனிக்காமல் விட்டவர்கள் கடைசியில் பவர் சப்ளைக்குச் செலவழிக்கிறார்கள். இன்னொரு நல்ல வழி, எக்ஸ் அச்சின் டிரைவையும் (மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பெட்டி) ஒய் அச்சின் டிரைவையும் இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டும் ஒரே மாடலாகவும், உள்ளே உள்ள செட்டிங் ஒன்றாகவும் இருக்க வேண்டும். அலாரம் டிரைவோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் டிரைவில். மாறாமல் எக்ஸிலேயே நின்றால் மோட்டாரிலோ கேபிளிலோ.

ஆனால் நம் வாசகரின் மெஷினில் 5 வோல்ட் சரியாக இருந்தது. திரை எழுந்தது. 910 என்ற எண்ணையும் அதுவே சொன்னது. அப்படியானால் மூளை உயிரோடு இருக்கிறது. போனது ஞாபகம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஏட்டிக்குப் போட்டி பேசும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 'ஆம்' என்றால் அவர் 'இல்லை' என்பார், 'இல்லை' என்றால் 'ஆம்' என்பார். மின்னணுவியலில் இவருக்கு இன்வெர்ட்டர் என்று பெயர் (வீட்டில் கரண்ட் போனால் ஓடுகிற இன்வெர்ட்டர் வேறு). இப்போது இப்படிப்பட்ட இருவரை எதிரெதிரே உட்கார வையுங்கள். முதலாமவர் 'ஆம்' என்கிறார். அதைக் கேட்ட இரண்டாமவர் 'இல்லை' என்கிறார். அந்த 'இல்லை'யைக் கேட்ட முதலாமவர் மறுபடி 'ஆம்' என்கிறார், ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததையே. மறுத்துப் பேச மட்டுமே தெரிந்த இருவர் ஒருவரை ஒருவர் அதே நிலையில் பிடித்து நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து யாராவது அழுத்தி மாற்றும்வரை அந்த 'ஆம்' அப்படியே நிற்கும். அதுதான் ஒரு பிட். எஸ்ரேம் என்ற நினைவகச் சில்லின் உயிர் இந்த ஜோடி. அன்றைய கார்டுகளில் பரவலாக இருந்த 62256 வகைச் சில்லு ஒன்றில் 2,62,144 ஜோடிகள் இருக்கின்றன.

இவ்வளவு பேர் ஓயாமல் பேசினால் மின்சாரம் தீர்ந்துவிடாதா? சிமாஸ் என்ற தொழில்நுட்பத்தின் அழகு இங்கே தெரிகிறது. ஒவ்வொரு இன்வெர்ட்டரிலும் மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர். ஒரே குழாயில் அடுத்தடுத்துப் பொருத்திய இரண்டு வால்வு போல. ஒன்று திறந்தால் மற்றது கட்டாயம் மூடிக்கொள்ளும். ஆகவே மேலிருந்து கீழாக நேராக மின்சாரம் ஓட வழியே கிடையாது. மூடிய வால்வின் இடுக்கில் கசிகிற துளி மட்டும்தான் செலவு. (அந்தக் காலத்துச் சில்லுகள் பலவற்றில் மேல் டிரான்சிஸ்டருக்குப் பதிலாக மிக மிகப் பெரிய மின்தடையை வைத்தார்கள். ஜோடி பிடித்து நிறுத்தும் தத்துவம் அதிலும் இதேதான்.) பேட்டரியின் வேலை அந்தக் கசிவை ஈடுகட்டுவது மட்டுமே.

மெயின் இருக்கும்போது சில்லு 5 வோல்ட்டில் வாழ்கிறது. பேட்டரி ஒரு டையோடுக்குப் பின்னால் சும்மா நிற்கிறது. மெயின் போனதும், வோல்டேஜ் முழுதாகச் சரிவதற்குள் காவல் சுற்று ஒன்று சில்லின் எழுதும் வழியைப் பூட்டிவிடும், சாகும் நேரத்தில் செயலி எதையாவது கிறுக்கிவிடாமல் இருக்க. பிறகு டையோடு வழியே பேட்டரி பொறுப்பேற்கும். எழுதவும் படிக்கவும் 5 வோல்ட் வேண்டும். வெறுமனே ஞாபகம் வைத்திருக்க 2 வோல்ட் போதும் என்றுதான் இந்த வகைச் சில்லுகளின் தரவுத்தாளில் போட்டிருக்கும்.

சின்னக் கணக்கு ஒன்று. 0 வரிசைக் கண்ட்ரோல்களில் பெரிய டார்ச் லைட் செல் மூன்றைப் போடுவார்கள், மொத்தம் 4.5 வோல்ட். நல்ல அல்கலைன் செல்லில் சுமார் 12 ஆம்பியர்-மணி இருக்கும். கார்டு 50 மைக்ரோஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் 2,40,000 மணி நேரம், அதாவது 27 வருடம் வர வேண்டும்! அப்புறம் ஏன் வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்? செல் தனக்குள்ளேயே மெல்லத் தீர்கிறது. சூடான பேனலில் அது இன்னும் வேகமாக நடக்கிறது. கடைசியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, ஸ்பிரிங்கையும் தகட்டையும் அரித்து, வெள்ளைப் பூஞ்சை போல் படிந்து தொடர்பையே அறுத்துவிடுகிறது. நம் வாசகர் பேட்டரிப் பெட்டியைத் திறந்து அனுப்பிய படத்தில் நடு செல்லைச் சுற்றி அந்த வெள்ளைப் படிவு இருந்தது.

மூன்று ஷிப்ட் ஓடிய மெஷினில் பேட்டரிக்கு வேலையே இல்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்வரை சில நொடி தாங்கினால் போதும், அதற்குத் தெம்பு இருந்தது. நாலு நாள் தொடர்ந்து அணைத்து வைத்தபோதுதான் தெம்பில்லை என்பது வெளியே தெரிந்தது.

வோல்டேஜ் எல்லைக்குக் கீழே போனதும் ஜோடிகளின் பிடி தளர்கிறது. மறுபடி மெயின் போட்டதும் ஒவ்வொரு ஜோடியும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். எந்தப் பக்கம்? தயாரிக்கும்போது இரண்டில் எது அணு அளவு பலமாக அமைந்ததோ அந்தப் பக்கம். இந்தச் சாய்வுக் கோலம் சில்லுக்குச் சில்லு வேறுபடும். அதையே சில்லின் கைரேகையாக வைத்து அடையாளம் காணும் பாதுகாப்பு நுட்பமும் உண்டு. நம் மெஷினுக்கோ அது வெறும் குப்பை. ஒவ்வொரு 8 பிட்டோடும் காவலுக்கு ஒரு பிட் சேர்த்து எழுதியிருப்பார்கள், ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சரிபார்க்க. குப்பையில் அந்தக் கணக்கு உதைக்கும். உடனே 910 போட்டுக் கண்ட்ரோல் நின்றுவிடும். தப்பான எண்களை நம்பி டேபிளைக் கொண்டுபோய் மோதாமல், தெரியாது என்று ஒப்புக்கொண்டு நிற்கும்படி அதை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆக, கார்டை மாற்றத் தேவையில்லை. புது செல் போட்டு, ரீசெட், டெலீட் இரண்டு சாவிகளையும் அழுத்தியபடியே மெயின் போட்டு நினைவகத்தை முழுதாகத் துடைத்தார்கள். 910 போய்விட்டது. திரும்ப வந்திருந்தால் சில்லில் குற்றம் என்று அர்த்தம்.

பேட்டரி மாற்றும்போது மெயின் இருக்க வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 'கரண்ட்டை அணைச்சுட்டுத்தான் கை வைக்கணும்' என்று ஊறிய கைக்கு இது பழக்கத்துக்கு எதிரானது. நானே பல வருடம் முன்பு ஒரு பட்டறையில் மெயினை அணைத்துவிட்டு செல்களை உருவினேன். அந்த மெஷின் ஒன்பது நாள் நின்றது. இரண்டு பேர் சம்பளம் அதில் போனது, எனக்கு இன்றும் உறுத்துகிறது. எமர்ஜென்சி பட்டனை அழுத்தி வையுங்கள். அழுத்தினாலும் பேனலுக்குள் 200 வோல்ட் இருக்கும், ஆகவே பழகியவர் மட்டும் செய்யட்டும்.

அப்பாவின் கண் திருஷ்டிக்கு வருகிறேன். மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்து ஒருநாள் ஓய்வு தருவது எனக்கும் பிடித்த வழக்கம். சோறு போடும் இரும்பை மதிப்பதில் என்ன குறை? ஆனால் 'கண் பட்டது' என்று சொன்ன அடுத்த நிமிடம் பேனல் கதவு மூடிக்கொள்கிறது. அளக்க முடியாத காரணம் கிடைத்தபின் யாரும் மீட்டரை எடுப்பதில்லை. 'கார்டு போயிருச்சு' என்று அளக்காமல் சொன்ன ஆளையும் நான் அதே வரிசையில்தான் வைப்பேன்.

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது. மெஷின் டூல் ஆராய்ச்சிக்கென்றே பெங்களூரில் 1962இல் மத்திய நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய நாடு இது. பெட், ஸ்பிண்டில் எல்லாம் இங்கே செய்கிறோம். கண்ட்ரோலை மட்டும் இன்றும் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வாங்குகிறோம். புதுக் கண்ட்ரோல் உருவாக்கப் பணம் ஒதுக்குவதோடு, பழைய கண்ட்ரோல்களைப் பிரித்துப் படித்துப் பழுது பார்க்கவும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் ஒரு பழைய பேனல் திறந்து கிடந்தால் மாணவர்கள் ஒரு பருவத்தில் கற்பது ஏராளம்.

வாசகரின் பட்டறையில் அடுத்த வேலை, மறந்ததை எல்லாம் நினைவூட்டுவது. மெஷினோடு வந்த பாராமீட்டர் தாள் பேனல் கதவின் உட்புற உறையில் மஞ்சளித்துக் கிடந்தது. மோட்டார் அளவு, லிமிட், டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் பிழைத் திருத்தம், காசு கொடுத்து வாங்கிய வசதிகளைத் திறக்கும் 900 வரிசை எண்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒருவர் வாசிக்க ஒருவர் சாவி அழுத்த ஒரு ராத்திரி முழுக்க ஆனது. ஒரு தடவையாவது லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தால் கேபிள் வழியே சில நிமிட வேலை.

ஒய் அச்சின் பேக்லாஷ் (திசை மாறும்போது வீணாகும் நகர்வு) வரியில் 8 என்று இருந்தது, அதாவது 0.008 மில்லிமீட்டர். அதையும் அப்படியே போட்டிருந்தார்கள். டயல் கேஜை வைத்துப் பாருங்கள் என்றேன். ஒரு திசையில் நகர்த்தி நிறுத்தி, முள்ளைச் சுழியாக்கி, எதிர்த்திசையில் 0.1 மில்லிமீட்டர் நகரச் சொல்லி அளந்தார்கள். ஏற்கெனவே போட்ட 8ஐயும் சேர்த்தபின்னும் முள் 0.013 குறைவாக நகர்ந்திருந்தது. தாளில் இருந்தது மெஷின் புதிதாக வந்தபோது எடுத்த அளவு. நடுவில் ஸ்க்ரூ தேய்ந்திருக்கிறது. 21 போட்டு மறுபடி அளந்ததில் 0.002க்குள் வந்தது. மறுநாள் காலை ஷிப்டில் பம்ப் உறை ஒன்றை ஓட்டிப் பார்த்து, போர் (துளை) அளவு டாலரன்ஸுக்குள் இருக்கிறது என்று செய்தி அனுப்பினார்.