செட்டிநாட்டு வீட்டுக்கு இருபத்திரண்டு கையெழுத்து

காரைக்குடியில் சொத்து வழக்குகளும் பத்திர வேலையும் பார்க்கத் தொடங்கி இருபது வருஷம் தாண்டிவிட்டது. இங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு பேச்சு வரும்: "நம்ம ஊருக்கு ஒரு கம்பெனி வரமாட்டேங்குது, சுத்திப் பார்க்க வர்றவங்களும் ராத்திரி தங்குறதில்லை." வரவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்தவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு பிடித்து, வாடகை பேசி முடித்து, கையெழுத்து கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். முன்பக்கம் இருபது பேர் உட்கார்ந்து வேலை செய்யும் வடிவமைப்பு அலுவலகம், பின்பக்கம் ஆறு அறைகளில் தங்கும் விடுதி என்று அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. கானாடுகாத்தானை ஒட்டிய ஊரில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்திருந்தார். சாவியோடு நானும் கூடப் போனேன். நிலைக்கதவைத் தள்ளினால் வௌவால் நாற்றம். ஆனால் முகப்பில் பர்மா தேக்குத் தூண்கள் அப்படியே நின்றன; சுண்ணாம்புப் பூச்சு கையால் தடவினால் இன்னும் பளிங்கு மாதிரி குளிர்ந்தது. உள்முற்றத்தைச் சுற்றிய வளவின் ஒரு மூலையில் மட்டும் கருத்த ஈரம். மேலே ஒரே ஒரு ஓடு நகர்ந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக எத்தனை மழை இறங்கியதோ, உத்திரத்தின் முனையை விரலால் அழுத்தினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது.

வீட்டு வரி ரசீது முப்பாட்டனார் பெயரில் இருந்தது. வாரிசுகளை எழுதிப் பார்த்தோம்: இருபத்திரண்டு பேர். சென்னை, பினாங்கு, டெல்லி, அமெரிக்கா. எட்டு மாதத்தில் பத்தொன்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். மீதி மூன்று பேரில் எவரும் முடியாது என்று சொல்லவில்லை. ஒருவரை எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. ஒருவர் இறந்துபோய் அவருடைய பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழ் வாங்காமல் இருந்தார்கள். இன்னொருவர் "அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்க்கலாம்" என்றார். கோயம்புத்தூர்க்காரர் மதுரையில் ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்கு இரண்டு மழைக்காலம் கழித்து அந்த வீட்டின் இரண்டாங்கட்டுக் கூரை உள்ளே இறங்கியது. தூண்களையும் கதவுகளையும் கழற்றி விற்றுவிடலாமா என்று கேட்டு அந்தக் குடும்பத்தில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கடக்கும்போதெல்லாம், அடுக்கிக் கிடக்கும் நிலைகளில் எது யார் வீட்டுடையது என்றுதான் என் கண் தேடும்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் விற்பதற்காகக் கட்டவில்லை. மகன்களுக்குக் கல்யாணமானால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், வளவைச் சுற்றி ஓர் அறை, நடுவில் எல்லோருக்கும் பொதுவான முற்றம். பங்கு பிரிந்தாலும் வீடு பிரியக்கூடாது என்பதற்காகவே அப்படிப் போட்ட அமைப்பு. தலைமுறை தாண்டத் தாண்டப் பங்கு மட்டும் பெருகுகிறது. பராமரிக்க ஒருவரும் இல்லை, தடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிற நிலைக்கு வீடு வந்து சேர்கிறது.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வரும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் சாமி கும்பிட்டவர்கள் மத்தியானத்துக்குள் மதுரைக்கோ ராமேஸ்வரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். வெளிநாட்டார் ஆத்தங்குடியில் தரைக் கல் செய்வதைப் பார்க்கிறார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, சாயக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமெண்டும் மணலும் தட்டி முடிக்கிற அந்தக் கையை வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, கானாடுகாத்தானில் நாலு படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள். ஒரு ராத்திரி தங்கினால்தானே காலையில் வெள்ளைப் பணியாரம் சுடுகிற ஆச்சிக்கும், ஓலைக் கொட்டான் முடைகிற பெண்ணுக்கும், கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கும் கையில் காசு சேரும்? தங்க இடம் இல்லாமலா? தெருத் தெருவாக அறைகள் இருக்கின்றன, பூட்டுக்குள்.

தொழிலுக்கும் இதே கதைதான். வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. அன்றைக்கு ஒருவர் மனது வைத்தால் போதுமாக இருந்தது. இன்றைக்கு அவர் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கிறது, படித்து முடிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் வெளியேறுகிறார்கள். பத்து பேரை வைத்து ஒரு சிறு அலுவலகம் நடத்த வருகிறவருக்குப் பெரிய தொழிற்பேட்டை தேவையில்லை. வில்லங்கம் இல்லாத ஒரு கட்டடமும், ஒன்பது பத்து வருஷத்துக்கான உறுதியும் போதும்.

அந்த உறுதியைப் பதினோரு மாத ஒப்பந்தம் தராது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லாத காகிதத்தை நம்பி யாரும் பல லட்சம் போட்டுக் கூரையைச் சரிசெய்ய மாட்டார்கள், வங்கியும் கடன் தராது. ஊரில் இருக்கிற ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டால் அது அவர் பங்கை மட்டும்தான் கட்டும். பெண் பிள்ளைகளுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, அவர்கள் கையெழுத்து எதற்கு என்று இன்னமும் கேட்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் வந்த திருத்தம் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தந்தது. திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மகளை விட்டுவிட்டு எழுதிய பத்திரம் எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்துக்கு வரும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதற்காக விமானம் ஏற வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்பினால் போதும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதைத் தவறவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்நாட்டில் இருப்பவர்கள் அவரவர் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பவரைப் பதிவு செய்து அனுப்பலாம். பவர் கொடுத்தவர் காலமானால் அந்தப் பவரும் அதோடு முடிந்தது. எண்பது வயதைத் தாண்டியவர் பங்குதாரராக இருக்கும் வீடுகளில் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

சட்டத்தைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருக்கிறது. பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி என்னிடம் கேட்டார்: "வீட்டைக் குடுத்துட்டா நாங்க எங்க போய்ப் படைக்கிறது தம்பி? பேத்திக்குத் திருப்பூட்டு எந்த வீட்டுல வைக்கிறது?" நியாயமான கேள்வி. முன்னோருக்குப் படையல் போடும் படைப்பும், தாலி கட்டும் திருப்பூட்டும் பூர்வீக வீட்டில்தானே நடக்க வேண்டும்? அதற்கான பதிலை அவர் வீட்டுக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதினோம். படைப்புக்கும் குடும்பக் கல்யாணத்துக்கும் வருஷத்தில் பன்னிரண்டு நாள் முழு வீடும் குடும்பத்துக்கு. இரண்டு மாதம் முன்னால் தேதி சொல்ல வேண்டும். சாமி அறைச் சாவி ஆச்சியிடமே இருக்கும். தூண், நிலை, கண்ணாடி, தரைக் கல் எல்லாவற்றையும் படம் எடுத்து எண் போட்டு இணைப்பாகச் சேர்த்தோம். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசக்கூடாது, ஏனென்றால் சுவர் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே பொரிந்துவிடும். அதையும் ஒரு நிபந்தனையாக எழுதினோம். வாடகையில் ஒரு பகுதி நேராகக் கூரைப் பராமரிப்புக் கணக்குக்குப் போகிறது. பதினாலு பங்குதாரர்களும் ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கு அந்த வீட்டில் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள், எல்லோரும் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். சாயங்காலம் முகப்பில் விளக்கு எரிகிறது. போன படைப்புக்கு வந்த பங்காளிகள் ஒழுகாத கூரைக்குக் கீழே இலை போட்டுச் சாப்பிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் பங்காளிகள் ஒன்றுகூடுவது படைப்புக்குத்தான். அடுத்த முறை கிளம்பும்போது ஆதார், பழைய பத்திர நகல், இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றிதழை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டுவிட்டு, ஊர் திரும்பும் பல்லவன் ரயில் டிக்கெட்டை ஒரு வேலை நாள் தள்ளிப் போடுங்கள்.