எச்-இன்டெக்ஸ் உங்கள் இசட் புள்ளி அல்ல

போன கிழமையும் நூலகத்தில் என்னிடம் ஒருவர் வந்தார். பதவியுயர்வு விண்ணப்பத்துக்கு சைட்டேஷன் (மேற்கோள்) கணக்கு வேண்டுமாம், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் கூகுள் ஸ்கொலர் பக்கத்தை அச்செடுத்து நூலக முத்திரை குத்தித் தாங்க மிஸ் என்றார். பக்கத்தைத் திறந்தால், நெல்லில் ஆய்வு செய்கிற மனிதரின் பட்டியலில் இதய சத்திரசிகிச்சைக் கட்டுரை ஒன்று, லேசர் பற்றி இன்னொன்று. அவருடைய பெயரும் முதலெழுத்தும் உள்ள யாரோ எழுதியவை. "அது சிஸ்டம் தானாச் சேர்த்தது" என்றார். சேர்த்தது சிஸ்டம்தான், அதை விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்து வைப்பது நீங்கள் அல்லவா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பெயர்களுக்கு இந்தக் கரைச்சல் இரண்டு மடங்கு. தமிழர் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். முஸ்லிம் பெயர்களில் எம்.ஐ.எம்., ஏ.எல்.எம். என்று மூன்று எழுத்து வரிசையாக நிற்கும். தரவுத்தளமோ குடும்பப்பெயர் எது என்று கேட்கிறது. ஒரு கட்டுரையில் முழுப்பெயர், அடுத்ததில் முதலெழுத்து மட்டும், கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று எழுதிய ஒரு விரிவுரையாளர் அங்கே மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பார். அடுத்த நாட்டில் ஒரே பெயருள்ள நாலு பேர் ஒரே ஆளாகக் கலந்து கிடப்பார்கள்.

சரி, இதை அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது வேறொன்றில், ஒருவரின் கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் எச்-இன்டெக்ஸ் எண்ணில். "அவருக்கு எச்-இன்டெக்ஸ் 14, எனக்கு 5. அப்ப நான் குறைவா?" அவர் இரசாயனவியல், கேட்கிறவர் தமிழ்த்துறை!

இந்த நாட்டில் ஏ.எல். எடுத்த பிள்ளையின் தாய்க்கே தெரியும், ஒரு பாடத்து 70ஐயும் இன்னொரு பாடத்து 70ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதென்று. அதற்காகத்தானே 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு, பாடங்களுக்கிடையே சமப்படுத்திய இசட் புள்ளி பார்க்கிறார்கள். எச்-இன்டெக்ஸுக்கு அப்படி எந்தச் சமப்படுத்தலும் கிடையாது. ஒவ்வொன்றும் குறைந்தது 10 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் உங்களிடம் 10 இருந்தால் எண் 10, அவ்வளவுதான். துறை தெரியாது, வயது தெரியாது, கட்டுரையை ஒருவர் எழுதினாரா ஐம்பது பேர் எழுதினார்களா தெரியாது. ஒருமுறை ஏறினால் இறங்கவும் மாட்டாது, ஓய்வு பெற்றபின்னும் ஏறிக்கொண்டே போகலாம். இதை 2005இல் கொண்டுவந்த இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷே, உயிரியல்காரரின் எண் இயற்பியல்காரரின் எண்ணைவிடப் பெரிதாக வருவதைத் தன் முதல் கட்டுரையிலேயே எழுதிவிட்டார். கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள் அதைப் படிக்காமல் அடுத்த பீடத்தோடு எண்ணை ஒப்பிட்டு மனம் உடைந்து வந்து உட்கார்ந்தால் நான் என்ன சொல்வது? துறைக்கேற்பச் சமப்படுத்திய அளவு வேண்டுமென்றால் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் இருக்கிறது: அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிடும், 1 வந்தால் உலக சராசரி. அதை யாரும் கேட்டு வருவதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வந்தது. அதை மேற்கோள் காட்டிய எழுத்தில் பெரும்பகுதி தமிழ் நூல்களிலும் சிறப்பு மலர்களிலும் கிடக்கிறது, ஸ்கோபஸ் அவற்றை எண்ணாது. ஆங்கிலச் சுருக்கம் இல்லாத சஞ்சிகையையே அது சேர்ப்பதில்லை. ஆகவே உங்கள் எண் சிறிதென்றால், எண்ணுகிறவர் எங்கே தேடினார் என்பதை முதலில் பாருங்கள்.

எண் பெரிதென்றாலும் அப்படியே நம்ப வேண்டாம். தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டு லான்செட் மருத்துவச் சஞ்சிகைக் கட்டுரை 2010இல் மீளப்பெறப்பட்டது. பிழை என்று சொல்ல அதைக் குறிப்பிட்டவர்களும் மேற்கோள் கணக்கில்தான் சேர்ந்தார்கள். அதே 2010இல் சிரில் லபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினி எழுதிய போலிக் கட்டுரைகளை இணையத்தில் போட்டு, இல்லாத ஓர் அறிஞருக்கு கூகுள் ஸ்கொலரில் 94 என்ற எச்-இன்டெக்ஸை வாங்கிக் கொடுத்தார். இல்லாத ஆளுக்கு 94!

அப்புறம் இந்தக் கூட்டாய்வு வலைப்படம். யார் யாரோடு சேர்ந்து எழுதினார் என்று புள்ளியும் கோடுமாகக் காட்டும் படம், வொஸ்வியூவர் என்ற இலவச மென்பொருளில் யாரும் வரையலாம். பார்க்க அழகாக இருப்பதால் இப்போது எல்லா அறிக்கையிலும் ஒட்டுகிறார்கள். கோடு தடிப்பாக இருந்தால் உறவு பலம் என்று நினைக்கிறார்கள். 2015இல் ஹிக்ஸ் துகளின் திணிவு பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். இருவருக்கு ஒரு கோடு என்று பார்த்தால் அந்த ஒரு கட்டுரை மட்டும் ஒரு கோடியே 32 இலட்சத்துக்கு மேற்பட்ட கோடுகளைப் போட்டுவிடும், ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமலே. மறுபக்கம், வாவிக்கரைக் கிராமங்களில் வெயிலில் அலைந்து தரவு சேர்த்த உதவியாளரின் பெயர் நன்றியுரையில் மட்டும் இருந்தால், படத்தில் அவருக்குப் புள்ளியே இல்லை. வெளிநாட்டுக் குழுவோடு வேலை தொடங்கும்போதே யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேட்க வெட்கமாக இருக்கிறது என்கிறார்கள் இளம் பிள்ளைகள். தயவுசெய்து கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஓர்சிட் எடுங்கள், 16 இலக்கம், காசில்லை. ஆங்கிலத்தில் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஸ்கொலர் பக்கத்தில் தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கும்படி மாற்றுங்கள். எண்ணை எழுதும்போது எந்தத் தரவுத்தளம், எந்தத் திகதி என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று இடத்தில் மூன்று எண் வரும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இம்பேக்ட் ஃபாக்டர் என்ற சராசரி மேற்கோள் எண் சஞ்சிகையுடையது, அதைக் கூட்டி உங்கள் பெயருக்குப் பின்னால் போடாதீர்கள். "ஸ்கோபஸ் சஞ்சிகை, பத்து நாளில் பிரசுரம்" என்று மின்னஞ்சல் வந்தால் ஸ்கோபஸின் பட்டியலில் சஞ்சிகையின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை வைத்து நீங்களே தேடுங்கள், அங்கிருந்தே சஞ்சிகையின் தளத்துக்குப் போங்கள்; பெயரைத் திருடி நடத்தும் போலித் தளங்கள் இருக்கின்றன. மேற்கோளை விலைக்கு விற்கிறேன் என்பவருக்குப் பதிலே போட வேண்டாம்.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்கு என்னிடம் வரவும் வேண்டாம். இரண்டு கிழமை முன்னால் வாருங்கள், உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையாகப் பார்ப்போம்.