பெயர் என்ன என்று மகனைக் கேட்டால் அம்மா பதில் சொல்கிறார்

பயிற்சியின் முதல் நாள், முதல் அரை மணி நேரம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்களைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். எனக்கு வலப்பக்கம் சக்கர நாற்காலியில் ஓர் இளைஞர், மூளை முடக்குவாதம் உள்ளவர், பேச்சு மெதுவாகத்தான் வரும். பக்கத்தில் அவருடைய அம்மா. நான் இளைஞரின் முகத்தைப் பார்த்துத்தான் "உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா பெயரைச் சொல்லி, வயது இருபத்தைந்து என்று சேர்த்து, எதுவரை படித்தார் என்பதையும் சொல்லி முடித்து, "பிறந்தப்போ அழவே இல்ல மேடம்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார்.

நான் தலையாட்டிவிட்டு மறுபடியும் அவரையே பார்த்தேன். சும்மா இருந்தேன். அம்மாவின் கை இரண்டு முறை மகனின் தோள்வரை போய்த் திரும்பி வந்தது. எதிரே யாரோ இருமினார்கள். கடைசியில் அவர் தன் பெயரைச் சொன்னார், அதோடு நிற்காமல் இன்னொரு மூச்சு எடுத்துக்கொண்டு, "இருபத்... தாறு" என்றார். போன மாதம்தான் பிறந்தநாள் போயிருக்கிறது, அம்மா இன்னும் பழைய கணக்கிலேயே இருந்திருக்கிறார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருடமாக மருத்துவர், ஆசிரியர், அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிறவர் என்று எல்லாரும் மகனை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள், கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும், சொல்லிச் சொல்லி அது அனிச்சையாகவே ஆகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள், அவர்களுடைய குடும்பத்தார், உடன் நிற்கும் ஆதரவாளர்கள் என்று மூன்று தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துத் தலைமைப் பயிற்சி நடத்துகிறவள் நான். எந்த அணி வந்தாலும் முதல் அரை மணி நேரத்தில் இது நடக்கும். நான் சொல்லித்தரும் பாடங்களில் பாதிக்கு மேல், பதில் சொல்லும் வேலை யாருடையது என்ற இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

தலைமைப் பயிற்சி என்றதும் பலருக்கும் மேடை, மைக், தன்னம்பிக்கைப் பேச்சு என்று ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் மாற்றுத்திறனாளிகளைப் போல வேறு யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் வகுப்பில் நடப்பது வேறு: ஒரு கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் போடுவது, வரவு செலவுக் கணக்கைப் படித்து எங்கே இடிக்கிறது என்று கேட்பது, "இதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை, குறிப்பில் எழுதுங்கள்" என்று சொல்வது, சட்டத்தில் எந்தப் பிரிவு தன் பக்கம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. அலுப்பான வேலைதான். ஆனால் முடிவுகள் எடுக்கப்படுவது அந்த அலுப்பான அறைகளில்தான்.

அந்த அம்மாவும் மகனும் இருந்த அதே நிலையில் ஒரு காலத்தில் ஓர் உலக அமைப்பே இருந்தது. 1980-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரிஹேபிலிட்டேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் உலக மாநாடு நடந்தது. மறுவாழ்வுத் துறை வல்லுநர்கள் நடத்திவந்த அமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கு எது நல்லது என்று அங்கே வல்லுநர்கள்தான் பேசுவார்கள். பிரதிநிதிகளில் பாதிப்பேர் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். தோற்றது. தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை, அடுத்த ஆண்டே, 1981-இல், சிங்கப்பூரில் டிஸேபிள்ட் பீப்பிள்ஸ் இன்டர்நேஷனல் என்று தங்களுக்கென ஓர் உலக அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது நான் பெற்றோர்களின் முகத்தைத்தான் கவனிப்பேன். அன்புள்ளவர்களும் படித்தவர்களுமே "பாதி இடம் கொடு" என்றதற்கு மறுத்தார்கள் என்பது அவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஆதரவாளர்களுக்கு நான் சொல்லும் கதை 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆவது பிரிவு, அரசு நிதி வாங்கும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் அதற்கான விதிகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு வருடம் இழுத்தார்கள். ஏப்ரல் 5 அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அரசுக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய 4 வாரம் வெளியே வரவில்லை. தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது காது கேளாதவர்கள் ஜன்னல் ஓரம் நின்று சைகை மொழியில் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் தினமும் சூடாகச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28 அன்று கையெழுத்து விழுந்தது. சமைத்தவர்கள், தூக்கி உட்கார வைத்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் யாரும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அங்கே தலைமையில் இருந்தவர்கள் ஜூடி ஹியூமன் போன்ற மாற்றுத்திறனாளிகள். ஆதரவாளர் என்றால் யார் என்று இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

சரி, குடும்பத்துக்கு வருவோம். இதுதான் கஷ்டமான பகுதி, நான் அதிகம் தடுமாறியதும் இங்கேதான்.

ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன். நேற்று ஒரு நாளில் உங்கள் பிள்ளையின் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளை எல்லாம் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே முடிவெடுத்தது யார் என்று எழுதுங்கள். எப்போது எழுந்திருப்பது, எந்தச் சட்டை, முடி வெட்டலாமா, கைபேசியின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், விருந்தாளி வந்தால் அறையில் இருப்பதா வெளியே வருவதா. ஒரு தந்தை இருபத்திரண்டு முடிவுகளை எழுதிக்கொண்டு வந்தார். மகளுக்கு முப்பது வயது, பார்வை இல்லாதவர், முதுகலைப் பட்டம் பெற்றவர். மகளின் பெயர் எதிரே இருந்தவை மூன்று. தந்தை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தத் தாளை மகளிடம் படித்துக் காட்டியதாகச் சொன்னார். மகள் கேட்டுவிட்டு, "மூணுல ஒண்ணு நீங்க எடுத்ததுதான்பா" என்றாராம்.

குடும்பத்தாரின் பயம் பொய்யான பயம் இல்லை. 'எனக்குப் பிறகு யார்' என்ற கேள்வியைச் சுமக்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது எல்லாரும் இன்னொரு ஆளைத் தேடுகிறார்கள்: அண்ணன், அக்கா, ஒரு நிறுவனம், ஓர் அறக்கட்டளை. பிள்ளையே தன் முடிவை எடுக்கக் கற்றுக்கொள்வது அந்தப் பட்டியலில் கடைசியில்கூட வருவதில்லை. முடிவெடுக்கப் பழக வேண்டுமென்றால் தப்பான முடிவும் எடுத்துப் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் தப்பான பாடத்தை எடுத்துப் படித்து, தப்பான ஆளிடம் கடன் கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் அந்த வாய்ப்பே கிடையாது.

ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு இதைத்தான் சட்டமொழியில் சொல்கிறது: சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமமான தகுதி உண்டு, முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் அந்த உதவியைக் கொடு. அவருக்குப் பதிலாக நீ எடுத்துவிடாதே என்பதை அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2014-இல் வெளியிட்ட விளக்கத்தில் பட்டவர்த்தனமாகவே எழுதியிருக்கிறார்கள். 2018-இல் வந்த இன்னொரு விளக்கம், மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்புகளையும் அவர்களுக்காக மற்றவர்கள் நடத்தும் அமைப்புகளையும் பிரித்துக் காட்டுகிறது. பெற்றோர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. பிள்ளைகள் தாங்களே பேசவும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்தவும் துணைநிற்பதுதான் அவர்களுடைய வேலை என்று வரையறுத்திருக்கிறார்கள். பெற்றோர் சங்க நிர்வாகிகள் சிலர் இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். போடட்டும், படித்தார்களே.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். 1974-இல் அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் அவர்களே கூடி, "முதலில் நாங்கள் மனிதர்கள்" என்று பொருள்படும் பீப்பிள் ஃபர்ஸ்ட் என்ற பெயரில் இயக்கம் தொடங்கி மாநாடு நடத்தினார்கள். இப்படிப்பட்ட குழுக்களிடமிருந்து நான் கடன் வாங்கியது சிவப்பு அட்டை. பேசுகிறவர் சொல்வது புரியாவிட்டால் அட்டையைத் தூக்கலாம், தூக்கினால் பேச்சு நின்றாக வேண்டும். நான் கொள்கை உருவாக்கம் பற்றி வகுப்பு எடுத்த அன்று முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நான்கு தடவை தூக்கினார். முதல் தடவை 'கொள்கை'. இரண்டாவது தடவை, அதை விளக்க நான் சொன்ன 'வழிகாட்டு நெறிமுறை'. மூன்றாவது என்னவென்று மறந்துவிட்டது. நான்காவது தடவை வியர்த்துப்போய், "எல்லாருக்கும் சேர்த்து மேலே இருக்கிறவங்க போட்ட விதி, மாத்தச் சொல்லி நாம கேட்கலாம்" என்றேன். அட்டை இறங்கியது. பின்வரிசையில் இருந்த படித்த பெற்றோர் இரண்டு பேர் அதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இனி என் தவறு ஒன்று. ஒரு பயிற்சியின் நிறைவு விழாவுக்கு மண்டபம் பார்த்தது நான். வாசலில் சாய்தளம் இருந்தது, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்புமா என்று டேப் வைத்து அளந்து பார்த்தேன், சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் மாற்றி மாற்றி நிற்க வெளிச்சமான இடம் பார்த்தேன். விழா அன்று, தலைமை தாங்க வேண்டிய பெண் தன் நாற்காலியில் மேடைக்கு அருகே வந்து நின்றார். மேடைக்கு ஐந்து படி. அவர் பார்வையாளராக வருவதற்கான எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டு, தலைவராக மேலே ஏறுவார் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. நான்கு பேர் தூக்கிவிடுகிறோம் என்றார்கள். அவர் வேண்டாம் என்றார், மைக்கைக் கீழே கொண்டுவரச் சொன்னார், மேடையில் இருந்த விருந்தினர்களையும் கீழே இறங்கி வரச் சொன்னார். இறங்கினார்கள். எனக்கு அன்றைக்கு முகம் எரிந்தது. பல வருடம் பாடம் நடத்தியவள் மனதிலும் அவர்கள் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அந்த ஐந்து படிதான் காட்டிக்கொடுத்தது.

பேச்சுப் பயிற்சி பற்றிக் கொஞ்சம். எங்கே போனாலும் மாற்றுத்திறனாளிகளிடம் கேட்பது அவர்களுடைய வாழ்க்கைக் கதையை. சொல்வார்கள், கேட்பவர்கள் கண்கலங்குவார்கள், கைதட்டுவார்கள், அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். அதனால் நாங்கள் இரண்டு நிமிடப் பேச்சு பழக்குகிறோம். நான் யார், எனக்கு நடந்தது என்ன, விதி என்ன சொல்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். அந்தத் தேதி முக்கியம், அது இல்லாவிட்டால் எல்லாமே "பரிசீலிக்கிறோம்" என்பதில் போய் முடியும். மெதுவாகப் பேசுகிறவருக்கு இரண்டு நிமிடம் என்பது ஆறு நிமிடம், அந்த நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குவதும் பாடத்தில் ஒரு பகுதி.

அப்புறம் பதவி. சங்கங்களில் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கௌரவத் தலைவராக்கி மாலை போடுவார்கள். காசோலையில் கையெழுத்து யாருடையது என்று பார்த்தால் வேறொருவர் இருப்பார். பயிற்சி முடித்துப் போகிறவர்களிடம் நான் சொல்வது: தலைவர் பதவிக்கு ஆசைப்படாதீர்கள், முதலில் பொருளாளர் ஆகுங்கள்.

எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு. ஒரு நாள் பட்டறையால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1987-இல் தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவிய பார்ட்னர்ஸ் இன் பாலிஸிமேக்கிங் என்ற பயிற்சியை, வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கும் அப்படிப்பட்ட சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கும் சேர்த்தே வடிவமைத்தார்கள். எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு நாள், நடுவில் வீட்டுப்பாடம். அந்த இடைவெளிகளில்தான் ஆள் மாறுகிறார், வகுப்பில் கற்றதை வெளியே போய் ஒருமுறை செய்துபார்த்து, சொதப்பி, திரும்பி வருவதற்கு நேரம் வேண்டும். ஆகவே எத்தனை மாதம் என்று கேளுங்கள். போன அணியில் படித்தவர்கள் இப்போது எந்தக் குழுவில் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பயிற்சி தருகிறவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் உண்டா அல்லது சேவை என்று சொல்லிச் சும்மா அழைத்துவருகிறார்களா என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டார், ஐந்து படிக்குக் கீழே நின்ற அதே பெண். என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது முதல் நாள் காலை வகுப்பை அவர்தான் எடுக்கிறார், எனக்கு என்ன ஊதியமோ அதுதான் அவருக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்கிறேன். கேள்வி நேரத்தில் இன்னமும் சிலர் பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "மேடம், ஒரு சந்தேகம்" என்பார்கள். நான் அவரைக் கை காட்டிவிட்டுப் பதிவேட்டில் குனிந்துகொள்வேன்.