மார்லினின் பயமும் நீமோவின் துடுப்பும்

“பையனுக்குத் தன்னம்பிக்கையே இல்லைங்க” என்று ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் நான் உடனே எதுவும் கேட்பதில்லை. பையனிடம்தான் பேச்சுக் கொடுப்பேன். “என்ன படிக்கிறே தம்பி?” அவன் வாயைத் திறப்பதற்குள் “ஆறாவது சார்” என்று அம்மா சொல்லிவிடுவார். “எந்த சப்ஜெக்ட் பிடிக்கும்?” இப்போது அப்பாவின் முறை. பையன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவான். எனக்குப் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட பெற்றோரை 2003இல் பிக்ஸார் எடுத்த ‘ஃபைண்டிங் நீமோ’ அனிமேஷன் படத்தைப் பார்க்கச் சொல்வேன். பிள்ளைக்குப் போட்டுவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். நீமோவை விட அவன் அப்பா மார்லின்தான் நமக்கு முக்கியம்.

ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் வாழும் கோமாளி மீன் மார்லின். மனைவியையும் முட்டைகளையும் ஒரே தாக்குதலில் பாராகுடா மீனிடம் பறிகொடுக்கிறான். ஒரே ஒரு முட்டைதான் மிஞ்சுகிறது. அதிலிருந்து வந்த நீமோவுக்கு வலது துடுப்பு சிறியது.

ஒருவரின் குணத்தை ஐந்து பண்புகளால் அளக்கும் ‘பிக் ஃபைவ்’ என்கிற உளவியல் கோட்பாட்டில் அளந்தால், பதற்றத்தைக் குறிக்கும் நியூரோட்டிசிசத்தில் மார்லின் எக்கச்சக்கமாக மதிப்பெண் வாங்குவான். “பயந்த சுபாவம்” என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம். ஆனால் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். அருமையான இடத்தில் வீடு பிடித்துவிட்டேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்கிற ஆள் அவன். பிள்ளைகளுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற சின்னக் கவலை அப்போதே உண்டு, ஆனால் அது அவனை முடக்கவில்லை. பயம் எவ்வளவு என்பதை மதிப்பெண் காட்டும். எங்கிருந்து வந்தது, எதனால் ஓயாமல் இருக்கிறது என்பதைக் காட்டாது.

ஓயாததற்குக் காரணம் பள்ளிக்கூடத்தின் முதல் நாளில் தெரிகிறது. வீட்டை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கிறான், உள்ளே போகிறான், மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. ஆபத்து ஒன்றும் வரவில்லை. ஆனால் பயம் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது: ‘பார்த்ததால்தான் தப்பித்தோம்.’ அடுத்த முறை பார்க்காமல் இருக்க முடியாது. ஸ்கூல் வேன் கிளம்பியதும் டிரைவருக்கு ஒரு போன், போய்ச் சேர்ந்ததும் மிஸ்ஸுக்கு ஒரு மெசேஜ் என்று இருக்கும் பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதற்கு ஆஸ்திரிய மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லரிடம் போக வேண்டும். சிறு வயதில் எலும்பை வலுவிழக்கச் செய்யும் ரிக்கெட்ஸ் நோயால் அவதிப்பட்ட அவர், உடல் குறை பற்றி 1907இலேயே எழுதினார். குறை எல்லாரையும் ஒரே மாதிரி முடக்குவதில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் என்பது அவர் கட்சி. அளவுக்கு மீறிச் செல்லம் கொடுப்பதும் தாழ்வுணர்ச்சியை வளர்க்கும் என்றார். மார்லினோ நீமோவிடம் அவன் நண்பர்கள் முன்னாலேயே “உன்னால முடியாது” என்று சொல்லிவிடுகிறான். அந்த ரோஷத்தில்தான் நீமோ படகை நோக்கி நீந்திப் போய் மாட்டிக்கொள்கிறான்.

அவனைப் பிடித்துப்போன பல் மருத்துவரின் மீன் தொட்டியில் காட்சி தலைகீழாகிறது. ஃபில்டர் குழாயில் நீமோ சிக்கிக்கொள்ள, மற்ற மீன்கள் பதறி ஓடிவருகின்றன. “யாரும் தொடாதீங்க” என்று தடுக்கிறது கில் என்ற மீன். தன் துடுப்பு சரியில்லை என்கிறான் நீமோ. கில் திரும்பிக் காட்டுகிறது, அதன் துடுப்பும் சிதைந்தது. பிறகு எப்படி வெளியே வருவது என்று வாயால் மட்டும் சொல்லித்தருகிறது. பையன் தானே வெளியே வருகிறான். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார்: தானே செய்து ஜெயித்தது, தன்னைப் போன்றவர் செய்ததைப் பார்த்தது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலின் படபடப்பு குறைவாக இருப்பது. இவற்றில் வலுவானது முதலாவது. அந்த ஒரு நிமிடத்தில் நீமோவுக்கு முதல் மூன்றும் கிடைத்துவிடுகின்றன. (கில் ஒன்றும் உத்தமன் இல்லை. தப்பிக்கும் திட்டத்துக்குப் பையனின் உயிரையே பணயம் வைக்கிற ஆள்தான்.)

இதற்கெல்லாம் பிறகு, பையனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெற்றோரிடம் கேட்பேன்: “இந்தப் பயம் எப்ப இருந்து?” கலைந்துபோன கரு, கிணற்றில் விழுந்த தம்பி, ஒரு விபத்து என்று ஏதாவது ஒரு பாராகுடா வெளியே வரும். அப்படியானால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் பிள்ளைக்கு இல்லை, அவர்களுக்குத்தான். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் மட்டும்: கடைக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டு வர வேண்டும். பெற்றோர் பின்னாலேயே போகக் கூடாது. நேரில் வர முடியாதவர்கள் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம்; கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.